மலையேற ஒரு டாக்டர் சீட்டு

என் வீட்டுக்காரர் ஒரு திங்கட்கிழமை காலையில் அரிசி டிரம்மைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டார்.

"ரூபா, இன்னைக்கிருந்து இந்த வீட்டுல அரிசி கிடையாது."

"டிரம்முல பாதி இருக்குதுங்க."

"இருக்கட்டும். இருந்தாலும் கிடையாது."

"பாப்பாவுக்கு?"

யோசித்தார். "பாப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் எறக்கித் தரேன்."

ஸ்டூல் போட்டு ஏறினார். டிரம்மை இறக்கினார். ஒரு டம்ளர் அளந்தார். திரும்ப ஏற்றினார். சாயங்காலம் பாப்பா பசி என்றாள். திரும்ப ஸ்டூல். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் நடந்த உடற்பயிற்சி அது ஒன்றுதான்.

கேலிக்காக இதைச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் மனோஜ்குமார் மாதிரி வைராக்கியமான மனுஷனை நான் பார்த்ததே இல்லை. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். அடுத்தது கிடைக்கிற வரைக்கும்.

அரிசி போய் சிறுதானியம் வந்தது. தினை இட்லி, சாமைப் பொங்கல், குதிரைவாலி தோசை. மாவு ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். ஒன்று கல்லை விட்டு வராது, இன்னொன்று கல்லில் நிற்கவே நிற்காது. "ஜோரா இருக்கு" என்று சாப்பிட்டார். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

சிறுதானியம் போய் கீட்டோ வந்தது. கீட்டோ என்றால் சோறு கூடாதாம், நெய் கூடுமாம்.

"சோறில்லாம நெய்யை எது மேலங்க ஊத்தறது?"

"காபில ஊத்து."

ஊற்றினேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். மீசையில் நெய் மினுமினுத்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்தத் தைரியத்துக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். மோந்து பார்த்ததுக்கே நான் மறுநாள்வரை காபி பக்கம் போகவில்லை.

அதுக்கப்புறம் மணி பார்த்துச் சாப்பிடும் டயட். மத்தியானம் பன்னிரண்டு அடிக்கிற வரைக்கும் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. மைசூரில் நாங்கள் இருக்கிற விஜயநகரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு டூவீலர் ஷோரூமில் அவர் சர்வீஸ் சூப்பர்வைசர். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் அங்கிருந்து போன் வரும்.

"ரூபா, நம்ம வீட்டுக் கடிகாரத்துல மணி என்ன?"

"உங்க போன்லயே இருக்குமேங்க."

"இது மெதுவா ஓடுது."

எல்லாம் போனில் வரும் வீடியோக்கள் சொல்வதுதான். ஒருத்தர் தேங்காயெண்ணெய் குடி என்பார். இன்னொருத்தர் தேங்காயைத் திரும்பிக்கூடப் பார்க்காதே என்பார். இவர் இரண்டு பேர் சொல்வதையும் கேட்பார். பாவம், யாரையும் மனம் நோகவிடத் தெரியாத மனுஷன்.

இத்தனைக்கும் காரணம் சந்தோஷ்குமார்.

அதே ஷோரூமில் சேல்ஸில் இருந்தார். இவரை விட சின்னவர். சிரிப்பும் சத்தமுமாக வருவார், எங்கள் பாப்பா தமிழ்ப்ரியாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்குவார். பீடி சிகரெட் கிடையாது. தினமும் ஜிம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் ஷட்டில் விளையாடப் போனார்கள். பாதி ஆட்டத்தில் அவர் உட்கார்ந்து, "மனோஜ், கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றாராம். இவர் பைக்கில் இருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். அதுக்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த நிறைந்த பாட்டிலைக் கையில் பிடித்தபடியே அன்றைக்கு இவர் வீட்டுக்கு வந்து நின்றார்.

சந்தோஷின் மனைவி தீபாவுக்கு என் வயசுதான் இருக்கும். இவர் வாராவாரம் அங்கே போய் சிலிண்டர் மாற்றித் தருவார், காகிதம் எழுத வேண்டியிருந்தால் ஆபீஸ் ஆபீசாக அலைவார், யாரிடமும் சொல்ல மாட்டார். டயட்டை விட அதைத்தான் நான் பெரிசாக நினைக்கிறேன்.

ஆனால் பயம் பிடித்துவிட்டது. இவர் அப்பாவும் சின்ன வயசில், இதே மாதிரி, வயலில் மடை திருப்பப் போனவர் திரும்பி வரவில்லை. இப்போது இவர் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, நான் பார்க்கவில்லை என்று நினைத்து, சட்டைக்குள் கை விட்டு நெஞ்சைத் தடவிக்கொள்கிறார். அதைப் பார்த்தால் என் நெஞ்சு நின்றுவிடும்.

"ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துருலாமுங்க."

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கேன்."

"நல்லா இருக்குதுன்னு அவரு சொல்லட்டுமுங்க."

"சொல்லலைன்னா?"

அவரே சொன்னார். "இத பாரு ரூபா. போகாத வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல. போனாத்தான் ஏதாவது இருக்கும்."

அழுது பார்த்தேன். "அழாத, உனக்கு பிரஷர் வந்துரும்" என்று எனக்குப் பூசணிச் சாறு கொடுத்தார். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். "நீயும் ஆரம்பிச்சிட்டியா? சபாஷ்!" என்று கையைக் குலுக்கினார். ஒருநாள் எப்படியோ சம்மதிக்க வைத்து, பாப்பாவையும் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பேசிக்கொண்டே வண்டி ஓட்டினார். வண்டி நின்ற இடத்தில் இறங்கிப் பார்த்தால் தேவராஜ காய்கறி மார்க்கெட்.

"ஏனுங்க, ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வர்றாங்க? ஒடம்பு நல்லாருக்கத்தானே? இங்க அவ்வளவும் அதுதான்!"

பச்சை இலைகளாகவே ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தோம். எந்த இலையை என்ன செய்வதென்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. எதிர்வீட்டு மாடு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் சிவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் ஜனம் ஹனூர்ப் பக்கம். வருஷா வருஷம் சிவராத்திரிக்கு மாதேஸ்வரன் மலைக்கு, எங்கள் மாதப்பனைக் கும்பிட, காட்டுவழியே நடந்து போவார்கள். கூட்டத்துக்குத் தலைவர் இவருடைய பெரியப்பா லிங்கப்பன். ஹனூரில் மஞ்சள் வியாபாரம். அவர் எழுந்து நின்றால் கூட்டம் நடக்கும், உட்கார்ந்தால் கூட்டம் உட்காரும்.

ஒருநாள் ராகிக் களியை உருட்டிக்கொண்டே இவர் சொன்னார்: "இந்த ஒடம்பு இப்ப எப்படி இருக்கு பார்த்தியா? இந்த வருஷம் நானும் மலைக்கு நடக்கப் போறேன்."

பரிசோதிக்காத நெஞ்சை வைத்துக்கொண்டு மலையா? வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது வேறு ஒன்று தோன்றியது.

"ரொம்ப நல்லதுங்க. நீங்க நடந்தா எல்லாரும் அசந்துருவாங்க. அப்படியே மாதப்பனுக்குக் காசு முடிஞ்சிருங்க."

எங்கள் பக்கம் வேண்டுதல் என்றால் மஞ்சள் துணியில் காசை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்போம். வாய்விட்டுச் சொல்லித்தான் முடிய வேண்டும். முடிந்துவிட்டால் அதை மலையில்தான் அவிழ்க்கலாம். நடுவில் மனசு மாற முடியாது. மாதப்பன் அடித்துவிடுவார்.

அவர் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, "மாதப்பா, நடந்தே வந்து உன்னைக் கும்பிடறேன்" என்று கணீரென்று சொல்லிக் காசை முடிந்தார். சும்மா ஒரு முடிச்சு அல்ல. வண்டி நட்டு இறுக்குகிற கை அல்லவா? நானும் பின்னாலேயே, நானும் நடக்கிறேன் என்று மெல்லச் சொல்லி இன்னொரு காசை முடிந்தேன். அவரைத் தனியாக விட எனக்கு மனசில்லை.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். இதை எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மாமாவிடம் நான் பேசியதெல்லாம் 'வாங்க மாமா', 'காபி குடிங்க மாமா', அவ்வளவுதான். அதையும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

"ஆரு?" மாமா போனில் பேச மாட்டார், ஊரைக் கூப்பிடுவார்.

"நானுங்க மாமா."

"நானுன்னா ஆரு? இங்கயும் நான்தான் இருக்கறேன்."

"ரூபாங்க. மைசூருங்க."

"அடடே, அம்மிணியா! எப்பவும் பேசாத புள்ள பேசுது. மனோஜுக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்லைங்க. மாமா, நீங்க ஒரு ரூலு போடோணுங்க. மலைக்கு நடக்கறவங்க எல்லாரும் ரத்தம், பிரஷர், ஈசிஜி எல்லாம் பார்த்து, டாக்டர் சீட்டோடதான் வரோணும்னு."

"மலைக்கு நடக்கறதுக்கு டாக்டர் சீட்டா? ஆளுக சிரிப்பாங்க அம்மிணி!"

"சிரிக்கட்டுங்க மாமா. சிரிக்கறதுக்கு எல்லாரும் இருக்கோணுமல்லங்க."

மாமா சத்தத்தை இறக்கி, வேறு குரலில் சொன்னார்: "என்ற தம்பி, மனோஜு அப்பன், அன்னைக்கு நெஞ்சு எரியுதுன்னான். மோரு குடிச்சுட்டுப் போடான்னேன்." அப்புறம் பழைய சத்தம் வந்தது. "சரி. ரூலு போட்டாச்சுன்னு வெச்சுக்க. நீ சொன்னதுன்னு ஆருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

அன்று சாயங்காலமே குடும்ப வாட்ஸ்அப்பில் மாமாவின் குரல் வந்தது. "எல்லாருக்கும் லிங்கப்பன் சொல்றது என்னன்னா! இந்த வருஷம் டாக்டர் சீட்டு இல்லாம ஒருத்தனும் என்ற பின்னால நடக்கப்படாது! நான் நாளைக்கே கொள்ளேகால் ஆஸ்பத்திரிக்குப் போறேன்! உகே மாதப்பா!" எங்கள் பக்கம் 'உகே' என்றால் 'ஜே'.

இவர் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"பெரியப்பாவுக்கு மூளை கலங்கிருச்சு."

"ஆமாங்க."

"மாதப்பன் கேட்டாரா சீட்டு?"

"கேக்கலைங்க."

"அப்புறம் என்ன?"

"பெரியப்பா கேக்கறாருங்க."

"நான் தனியா நடந்துக்கறேன், போ."

"சரிங்க. காட்டு வழிங்க. யானை இருக்குதுங்களாம். டயட்ல இருக்கற ஆளுன்னு அதுக்குத் தெரியுமுங்களா?"

"அப்ப நடக்கவே இல்ல. போதுமா?"

நான் சாமி படத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். மஞ்சள் முடிச்சு மாதப்பன் காலடியில் கம்மென்று உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் சாமி, ஒரு பக்கம் பெரியப்பா. நடுவில் என் வீட்டுக்காரர், கேரம் போர்டில் மாட்டின காய் மாதிரி.

"நாளைக்கு லீவு போடறேன்" என்றார் கடைசியில், ஜெயிலுக்குப் போகிறவர் மாதிரி.

இந்த முறை வண்டி மார்க்கெட் பக்கம் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். இவர் வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு படுத்தார். "சார், மூச்சு விடுங்க" என்றாள் ஈசிஜி எடுக்கிற பெண். "விட்டா நெஞ்சு அடிக்குதும்மா." "அடிக்கத்தான் சார் வேணும்."

எல்லாம் எடுத்தார்கள். ரத்தம், பிரஷர், ஈசிஜி, அதுக்கப்புறம் நெஞ்சின்மேல் உருட்டிப் பார்க்கிற ஸ்கேன். நான் வெளியே பெஞ்சில் பாப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது அப்போதுதான் எனக்கும் புரிந்தது. வராத வரைக்கும் ஒன்றுமில்லைதான். வந்த பிறகு, அந்தக் கதவு திறக்கிற வரைக்கும் எல்லாமே இருக்கிறது. தீபா முகம் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது.

கதவு திறந்தது. என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். "ஹார்ட் நல்லா இருக்கு" என்றார். "கொழுப்பு மட்டும் ஏறியிருக்கு. என்ன சாப்பிடறீங்க?"

"காபில நெய் ஊத்திக் குடிச்சேன் டாக்டர்."

"ஏன்?"

அவருக்கே ஏன் என்று தெரியவில்லை. நெய்க் காபியை விடச் சொன்னார் டாக்டர். ஒரு சின்ன மாத்திரை எழுதினார். அப்பாவுக்கு அப்படி ஆனதால் வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், மலைக்கு மெதுவாக நடக்கலாம் என்று சீட்டும் கொடுத்தார்.

வெளியே வந்ததும் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சீட்டை மடித்தார், பிரித்தார். "சந்தோஷும் ஒருக்கா இங்க வந்து உட்கார்ந்திருந்தா…" என்றார். பாப்பா அவர் மடியில் ஏறிக்கொண்டாள். பயந்துகொண்டே வந்தாலும் வந்தாரே. அந்த நிமிஷம் அவரை விடத் தைரியசாலி மைசூரிலேயே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

அப்போது போன் அடித்தது. போனைக் காதில் வைத்தால் மூளைக்குக் கெடுதல் என்று ஒரு வீடியோ சொன்னதிலிருந்து அவர் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"டேய் மனோஜு! என்னாச்சுடா?"

"எல்லாம் நல்லா இருக்குது பெரியப்பா. சீட்டு குடுத்துட்டாங்க."

"மாதப்பா! உன்ற கருணை! அம்மிணி பக்கத்துல இருக்குதா? அம்மிணி, பார்த்தியா, நீ சொன்ன ரூலு என்ன ஜோரா வேலை செஞ்சுது! நீ சொன்னதுன்னு நான் ஒருத்தன்கிட்டயும் மூச்சு விடலையே!"

வராண்டாவில் இருந்த அத்தனை பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சேலைத் தலைப்பால் பாப்பாவின் வாயைத் துடைத்தேன். அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஷோரூமில் பழுதை மறைத்துக் கொண்டுவந்த வண்டியைக் கண்டுபிடித்தால் ஒரு பார்வை பார்ப்பார், அது.

"காசு முடியச் சொன்னியே… அதுவுமா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"பெரியப்பா," என்றார் போனைப் பார்த்து, மெதுவாக, "ரூலு ஆம்பளைகளுக்கு மட்டுமா?"

"நடக்கறவங்க எல்லாருக்கும்னுதான் அம்மிணி சொல்லுச்சு."

"ரூபாவும் காசு முடிஞ்சிருக்கா. அவளும் நடக்கறா."

"அப்ப அம்மிணிக்கும்தான்! ரூலுன்னா ரூலு!"

"எனக்கெல்லாம் எதுக்குங்க? நான் நல்லாத்தானே இருக்கறேன்?" என்றேன்.

"நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லட்டும்" என்று எழுந்து என் கையைப் பிடித்தார்.

ஊசி குத்தினார்கள். ரிப்போர்ட் வர வெகு நேரம் ஆயிற்று. வந்ததும் டாக்டர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

"எல்லாருக்கும் வாங்குமுங்க டாக்டர்."

"தலை சுத்துமா?"

"நின்னா சுத்துமுங்க. உட்கார்ந்தா நின்னுருமுங்க."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இதையெல்லாமா சொல்லுவாங்க?"

"என்ன சாப்பிடறீங்க?"

இவர் முந்திக்கொண்டு ஆரம்பித்தார். "நாங்க டாக்டர், காலைல சாமை, ராத்திரி…"

"சார், நான் அவங்களைக் கேட்டேன்."

யோசித்துப் பார்த்தேன். சமைத்ததையெல்லாம் சொல்லத் தெரிந்தது. சாப்பிட்டது என்னவென்று தேட வேண்டியிருந்தது. "காலையில பாப்பா மிச்சம் வெக்கறதுங்க. மத்தியானம் இவரு வேண்டாம்னு மாத்தின பழைய டயட்டுங்க. ராத்திரி… ஏதாச்சும் இருந்தா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகல. உங்களுக்குத்தான் ரத்தமே இல்ல. இருக்க வேண்டியதுல பாதிக்குக் கொஞ்சம் மேல இருக்கு, அவ்வளவுதான். இப்படியே விட்டா இதயத்துக்கும் கஷ்டம். இதோட மலைக்கா நடக்கப் போறீங்க?"

இவர் பக்கம் திரும்பவே எனக்கு மனசு வரவில்லை. திரும்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டிலோடு வாசலில் நின்றபோது இருந்த முகம்.

அன்று ராத்திரி அவரே சோறு போட்டு, குழம்பு ஊற்றி, முருங்கைக்கீரைப் பொரியல் வைத்து என் முன்னால் தட்டை வைத்தார். பொரியலில் உப்பு இரண்டு தடவை போட்டிருந்தார். அவர் சாப்பிடவில்லை.

"நீங்க சாப்பிடுங்க."

"நீ முடி. பார்த்துட்டுத்தான்."

"பார்த்துட்டே இருந்தா எனக்கு எறங்காதுங்க."

"இத்தனை நாளா பார்க்காமத்தான் எறங்கல."

அன்றிலிருந்து வீட்டில் புது டயட். ஆள் நான். காலையில் இரும்புச்சத்து மாத்திரை, பத்து மணிக்கு வேர்க்கடலை வெல்லம், மத்தியானம் கீரை, சாயங்காலம் ஈரல். வேலையிலிருந்து போன் வரும். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டனுங்க." "பாப்பாகிட்ட குடு." பாப்பா ஒரு தடவைகூட எனக்காகப் பொய் சொன்னதில்லை. சொன்னேனே, ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். அடுத்ததும் கிடைக்கவில்லை இந்த முறை.

என் முடிச்சு என்ன ஆவது என்று இவர் மாமாவிடம் கேட்டார். "ஒடம்பு தேறி அடுத்த வருஷம் நடந்தா மாதப்பன் வேண்டாங்கவா போறாரு? இந்த வருஷம் வந்து கும்பிட்டுட்டுச் சொல்லிட்டுப் போகட்டும். ஆனா நடக்கக் கூடாது. ரூலுன்னா ரூலு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சிவராத்திரிக்கு முதல்நாள் ஹனூர் ஜனம் மொத்தமும் சீட்டோடு வந்தது. சுருட்டுப் பிடிக்கிற அய்யாசாமி அண்ணன் சீட்டு வைத்திருந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த பாப்பாயி அக்காவும் வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் முன்வரிசையில், வெறுங்காலில், "உகே மாதப்பா" என்று எல்லாரையும் விட உரக்கச் சத்தம் போட்டுக்கொண்டு காட்டுவழியில் இறங்கினார். திரும்பிப் பார்த்துக் கை காட்டினார். நெஞ்சைத் தடவவில்லை.

நானும் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் பேரீச்சம்பழத்தோடு, ஜன்னல் வழியாகக் கை காட்டினேன். அவ்வளவு பேரில் நான் போட்ட ரூலில் தேறாமல் பஸ்ஸில் மலைக்குப் போனது நான் ஒருத்திதான்.